சொந்தக் கண்டெய்னரை இடம் மாற்றுவதா, வாடகைக்கு இடம் பிடிப்பதா? சேலத்துக்கு ஒரு கணக்கு, ஏற்காட்டுக்கு வேறு கணக்கு

கொண்டலாம்பட்டி, ஓமலூர் ரோடு, அயோத்தியாப்பட்டணம் என்று சேலத்தைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் ஏதாவதொரு காலி மனையில் 20 அடி கப்பல் கண்டெய்னர் நிற்பதைப் பார்க்கலாம். வீடு கட்டும்போது சிமெண்டும் கம்பியும் வைக்க வாங்கியவர் இருக்கிறார். பந்தல் சாமான் போட்டு வைத்தவர் இருக்கிறார். தறிப்பட்டறையைக் காலி செய்தபோது பீம், மோட்டார், நூல் மூட்டை எல்லாவற்றையும் அதில் ஏற்றிப் பூட்டியவரும் இருக்கிறார். வாங்கிய வேலை முடிந்துவிடுகிறது. மனைக்காரர் இடத்தைக் கேட்கிறார், அல்லது தொழிலே ஊரின் வேறு மூலைக்கு மாறுகிறது. அப்போது ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதா, இருக்கிற இடத்திலேயே விற்றுவிட்டுப் போகிற இடத்தில் வாடகைக்குப் பிடித்துக்கொள்வதா?

"சொந்தப் பெட்டி இருக்கறப்ப வாடகை எதுக்குங்க?" என்றுதான் முதலில் எல்லோரும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பெட்டி சொந்தம் என்பதற்காக லாரிக்காரரோ கிரேன்காரரோ வாடகையைக் குறைத்துக்கொள்ளப் போவதில்லை. அன்றைக்குக் கொடுத்து வாங்கிய விலை போன பணம், அதை இன்றைய கணக்கில் சேர்க்கவே கூடாது. இன்று சேர்க்க வேண்டியது, இப்போது விற்றால் என்ன கிடைக்கும், இனிமேல் இந்தப் பெட்டி எத்தனை தடவை நகரப் போகிறது என்கிற இரண்டும்தான். அதிலும் இரண்டாவதுதான் பெரிது. பலரும் ஒரு நகர்வுக்கு மட்டும் கணக்குப் போட்டு முடிவெடுக்கிறார்கள். போகிற இடமும் வாடகை மனையாக இருந்தால் பெட்டி அங்கிருந்தும் ஒருநாள் கிளம்ப வேண்டும். அந்தச் செலவும் இன்றைய முடிவுக்குள்தான் இருக்கிறது.

வாடகை என்று வரும்போது சேலத்தில் கிடைப்பது மூன்று வகை. ஒன்று, கட்டட வேலை நடக்கிற இடங்களுக்குக் கொடுக்கும் சைட் கண்டெய்னர். கொண்டுவந்து இறக்கி, மாத வாடகை வாங்கி, கடைசியில் எடுத்துப் போவார்கள். இரண்டு, வழக்கமான குடோன். லீ பஜார், செவ்வாய்ப்பேட்டை பக்கம் சிறியதும் பெரியதுமாக இருக்கும், பைபாஸ் ஓரம் புதிதாகக் கட்டியவையும் உண்டு. மூன்று, விளைபொருளாக இருந்தால் தமிழ்நாடு சேமிப்புக் கிடங்கு நிறுவனத்தின் கிடங்கு. 1958-லிருந்து இயங்குகிற அரசு நிறுவனம் அது. அங்கே சரக்கை வைத்தால் ரசீது தருவார்கள், அந்த ரசீதைக் காட்டி வங்கியில் கடன் வாங்க வழி உண்டு. சொந்தப் பெட்டிக்குள் வைத்த சரக்குக்கு அந்த வசதி கிடையாது. மஞ்சளோ மிளகோ விலை ஏறட்டும் என்று காத்திருப்பவருக்கு இது ஒன்றே முடிவை மாற்றிவிடும்.

பெட்டியின் உடம்பைப் பற்றி

20 அடி கண்டெய்னர் என்றால் நீளம் 6.06 மீட்டர், அகலம் 2.44 மீட்டர், உயரம் 2.59 மீட்டர். காலிப் பெட்டியின் எடை ஏறக்குறைய 2.2 முதல் 2.4 டன். 40 அடிப் பெட்டி 3.7 டன் பக்கம் வரும், அதை ஏற்ற டிரெய்லர் வேண்டும். டிரெய்லருக்குச் சங்ககிரியில் பஞ்சமே இல்லை. ஆனால் டிரெய்லர் திரும்புகிற அகலம் உங்கள் மனைக்குப் போகிற தெருவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 20 அடியை ஓர் ஆறு சக்கர லாரியே சுமக்கும், எடை அதற்குப் பெரிதில்லை. சிக்கல் அகலத்தில்தான். பெட்டியின் 8 அடி அகலம், பக்கப் பலகை வைத்த சாதாரண லாரி பாடிக்குள் இறங்காது. பலகையில்லாத பிளாட்பார லாரி வேண்டும் என்று முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லாமல் விட்டு, காலையில் பலகை வைத்த லாரி வந்து நின்று, பக்கத்தில் ஹைட்ராவின் (சக்கரத்தில் ஓடும் சின்ன கிரேன்) மணிக்கணக்கு ஓடிக்கொண்டிருப்பது நிறைய நடக்கிறது.

லாரித் தளத்தின் உயரமும் சேர்ந்தால் மொத்தம் 4 மீட்டரைத் தொடும். ஹை க்யூப் எனப்படும் உயரப் பெட்டி என்றால் இன்னும் ஓர் அடி கூடும். தெருவில் தாழ்ந்து தொங்கும் கேபிள், வீட்டு சர்வீஸ் ஒயர், ரயில் பாலத்தடி எல்லாவற்றையும் முதல் நாளே வண்டியில் போய்ப் பார்த்து வருவது நல்லது. நகருக்குள் கனரக வண்டிக்கு எந்த நேரம் அனுமதி என்பதையும் லாரிக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விடியற்காலை எல்லாவற்றுக்கும் தோதானது.

தூக்கும் விதத்தில் ஒரு கண்டிப்பு உண்டு. பெட்டியின் எட்டு மூலைகளிலும் ஓட்டை வைத்த இரும்பு வார்ப்பு இருக்கும். காலிப் பெட்டியை மேல் மூலை நான்கிலும் கொக்கி மாட்டி, சங்கிலியைப் போதிய நீளம் விட்டுத் தூக்கலாம். சரக்கோடு அப்படித் தூக்கக் கூடாது. சாய்வாக இழுக்கும் சங்கிலி மூலைகளை உள்பக்கம் நெருக்கும், கூரை விளிம்பு வளையும், அப்புறம் கதவு சேராது. துறைமுகத்தில் சரக்கோடு தூக்குகிறார்களே என்றால், அங்கே பெட்டியின் அளவுக்கே ஒரு சட்டம் வந்து நான்கு மூலையையும் நேர்மேலாகப் பிடித்துத் தூக்குகிறது. நம்மூர் ஹைட்ராவில் அது இல்லை. ஆகவே பெட்டியை நகர்த்துவது என்றால் முதலில் காலி செய்ய வேண்டும், சாமானுக்குத் தனி வண்டி பிடிக்க வேண்டும், ஏற்றுக்கூலி இறக்குக்கூலி இரண்டு தரம் கொடுக்க வேண்டும். "உள்ள இருக்கறதோட அப்படியே தூக்கிட்டுப் போயிடலாம்ணா" என்று யாராவது சொன்னால் அவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

நகர்த்தும் தகுதி இருக்கிறதா

பணக் கணக்குக்கு முன்னால் பெட்டியையே ஒரு தரம் சோதித்துவிட வேண்டும். நண்பகலில் உள்ளே போய் இரண்டு கதவையும் மூடச் சொல்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகிய பிறகு மேலே பாருங்கள். ஊசித்துளை அளவு ஓட்டை இருந்தாலும் வெளிச்சம் நட்சத்திரமாகத் தெரியும். கூரை மூலைகளில், மழைநீர் தேங்கி நிற்கும் பள்ளங்களில்தான் அது வரும். ஒன்றிரண்டு என்றால் வெல்டிங் வைத்துப் பெயிண்ட் அடித்தால் போதும். வரிசையாகத் தெரிந்தால் கூரைத் தகடே நைந்துவிட்டது என்று அர்த்தம். பெட்டி செய்யப்படும் கோர்டென் எஃகு சாதாரண இரும்பைவிடத் துருவை நன்றாகத் தாங்கும். ஆனால் ஈரம் காயாமலே கிடந்தால் அதுவும் அரித்துப் போகும்.

அடுத்தது அடிப்பக்கம். தரையோடு தரையாக வைத்த பெட்டியை யாரும் குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள். உள்ளே மிதிக்கும் தளம் சுமார் 28 மில்லிமீட்டர் கெட்டி ப்ளைவுட். அதைத் தாங்குவது குறுக்கே போகும் இரும்புச் சட்டங்கள். மண்ணில் புதைந்த சட்டம் உளி வைத்துத் தட்டினால் செதில் செதிலாக உதிரும். பொட்டாஷ் உரம் வைத்திருந்த பெட்டி என்றால் இன்னும் மோசம். அதிலுள்ள குளோரைடு ப்ளைவுட்டின் இடுக்கு வழியே இறங்கிச் சட்டத்தை அரித்துவிடும். இரண்டு மூன்று சட்டம் போய்விட்ட பெட்டியை நகர்த்தச் செலவு செய்வதில் அர்த்தமில்லை. எடைக்கடைக்காரர் தரும் விலையைக் கேட்டுப் பார்த்துவிட்டு வாடகைக்குப் போவதே சரி.

கதவு சேரவில்லை என்றால் மட்டும் உடனே கைவிட வேண்டாம். பெட்டியின் பாரம் முழுவதும் நான்கு அடி மூலைகளில்தான் நிற்கிறது. ஒரு மூலை மண்ணில் இறங்கினாலே பெட்டி லேசாக முறுக்கிக்கொண்டு கதவு உரசும். ஜாக்கி வைத்து அந்த மூலையைத் தூக்கிக் கான்கிரீட் கட்டை கொடுத்தால் பல சமயம் கதவு தானாகவே சரியாகிவிடும். புது இடத்திலும் இதே விதிதான். நான்கு மூலைக்கும் நான்கு கட்டை, நீர்மட்டம் பார்த்து, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில். அடியில் காற்று போக வேண்டும்.

பேப்பர் விஷயமும் இங்கேயே. வெளிநாட்டிலிருந்து சரக்கோடு வரும் கண்டெய்னருக்கு, ஆறு மாதத்துக்குள் திரும்பிப் போய்விடும் என்கிற நிபந்தனையில்தான் சுங்கவரி விலக்கு. உள்நாட்டிலேயே விற்றால் வரி கட்டியிருக்க வேண்டும். கதவில் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட எண் இருக்கும். உங்கள் கையிலுள்ள பில்லில் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள். விற்கப் போனாலும் சரி, லாரியில் ஏற்றி ரோட்டில் கொண்டுபோனாலும் சரி, அந்தப் பில் வேண்டும்.

கீழே, சமவெளியில்

சேலத்துக்குள்ளேயே ஒரு மனையிலிருந்து இன்னொரு மனைக்கு என்றால் என் தீர்ப்பு பெரும்பாலும் சொந்தப் பெட்டியின் பக்கம்தான். இரண்டு நிபந்தனை: போகிற இடம் உங்களுடையதாக இருக்க வேண்டும், அல்லது ஒன்றரை வருடமாவது அங்கே இருப்பீர்கள் என்ற உறுதி வேண்டும்.

ஏன் ஒன்றரை வருடம்? தொகைகளை நான் கணக்குக்காக எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் விசாரித்த விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். லாரி, இரண்டு முனையிலும் ஹைட்ரா, அடிக்கட்டை, சாமானுக்குத் தனி வண்டி, கூலி எல்லாம் சேர்த்து ஒரு நகர்வுக்கு 30,000 ரூபாய் என்று வைப்போம். பின்னாளில் எடுப்பதற்கும் அதே தொகை என்றால் 60,000. வாடகைக் கண்டெய்னருக்கு மாதம் 5,000, கொண்டுவந்து வைக்கவும் எடுத்துப் போகவும் சேர்த்து 12,000, பழைய பெட்டியிலிருந்து சாமானை மாற்ற 6,000. அப்படியானால் ஆரம்பத்திலும் முடிவிலுமாகச் சொந்தப் பெட்டிக்கு 42,000 அதிகம் போகிறது. மாதாமாதம் மிச்சமாவது 5,000. ஆனால் வருடம் ஒரு தரம் பெயிண்ட், ரப்பர், பூட்டு என்று பராமரிப்புக்கு மாதம் 500 கழியும். மீதி 4,500. ஒன்பது மாதம் கொஞ்சம் தாண்டினால் செலவு ஈடாகிறது.

பிறகு எதற்கு ஒன்றரை வருடம் என்றால், இந்தக் கணக்கில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. பெட்டியை இன்றைக்கே விற்றால் ஒரு தொகை கையில் வரும். விற்காமல் வைத்துக்கொண்டால் அந்தத் தொகை பெட்டியிலேயே முடங்கிக் கிடக்கிறது, வருடத்துக்கு வருடம் தேய்கிறது. வட்டிக்கு வாங்கித் தொழில் நடத்துபவருக்கு இது உறைக்கும். போதாததற்கு, ஏறக்குறைய அதே செலவில் குடோன் கிடைக்கிற நிலையில், பெட்டி வைப்பதற்காகப் புது மனைக்குத் தரை வாடகை கொடுக்க வேண்டியிருந்தால் அந்த 4,500-லிருந்து அதையும் கழிக்க வேண்டும். தரை வாடகையே 3,000 என்றால் மாதம் மிச்சம் 1,500, ஈடாக இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிடும். அந்த நிலையில் விற்றுவிட்டு வாடகைக்குப் போங்கள்.

வீட்டை இடித்துக் கட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. ஆறேழு மாதத்துக்குக் கட்டில், பீரோ, பாத்திரம் வைக்க இடம் வேண்டும், அவ்வளவுதான். ஒரு சின்ன வீட்டையோ மாடி அறையையோ அதே தெருவில் பிடித்துவிடுங்கள். இரும்புப் பெட்டிக்குள் வீட்டுச் சாமான் வைப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். சேலத்தின் ஏப்ரல், மே வெயிலில் நிழலில்லாத பெட்டியின் உள்ளே கை வைக்க முடியாது. மர பீரோவின் ஒட்டு விடும், பிளாஸ்டிக் நெளியும், பட்டுப் புடவையும் போட்டோ ஆல்பமும் பாழாகும். ஜல்லிச் சட்டி, ஷட்டரிங் தகடு, பந்தல் கம்பு, பைப்பு இவற்றுக்குத்தான் அது தோது.

மேலே, ஏற்காட்டில்

மலையில் இடம் வைத்திருப்பவர்கள் சேலத்தில் நிற்கும் தங்கள் பெட்டியை மேலே கொண்டுபோக ஆசைப்படுவதன் காரணம் எனக்குப் புரிகிறது. காபி, மிளகு அறுவடை நேரத்தில் எஸ்டேட்டில் திருட்டு பயம் பெரிது. தகர ஷெட்டின் பூட்டை ஒரு கம்பியால் நெம்பிவிடலாம், கண்டெய்னர் கதவை அப்படி முடியாது. நவம்பரில் தொடங்கும் அராபிகா பறிப்பிலிருந்து மார்ச்சு வரை மிளகு காய்கிற காலம் முழுக்க, ராத்திரியில் நிம்மதியாகத் தூங்க ஒரு கெட்டியான அறை வேண்டும் என்பது நியாயமான தேவை.

ஆனால் பெட்டி அங்கே போய்ச் சேர வேண்டும். அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஊர் இருப்பது ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில். 40 அடிப் பெட்டியை இந்தப் பேச்சிலேயே சேர்க்க வேண்டாம். 20 அடியை ஏற்றிய ஆறு சக்கர லாரி வளைவுகளில் திரும்பிவிடும், பேருந்துகள் திரும்புகின்றன. இருந்தாலும் மேலே காற்றை வாங்கிக்கொண்டு நிற்கிற எட்டரை அடி உயர இரும்புச் சுவரோடு, மலைப்பக்கம் சாய்ந்து நிற்கும் மரக்கிளைகளை உரசிக்கொண்டு, எதிரே பேருந்து வந்தால் பின்னால் எடுக்க வேண்டிய நிலையில் ஏறுவதற்கு மலையில் ஓட்டிப் பழகிய டிரைவர் வேண்டும். அடி மூலைகளைச் சங்கிலி போட்டு லாரிச் சட்டத்தோடு கட்டியிருக்க வேண்டும், மேலே கயிறு மட்டும் போட்டால் போதாது. சனி, ஞாயிறும் கோடை விழா நடக்கும் மே மாதமும் ஆகவே ஆகாது. வடகிழக்குப் பருவமழைக் காலமும் வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் இந்தப் பாதையில் மண் சரிந்து போக்குவரத்து முடங்கியதை மலைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போதெல்லாம் கைகொடுப்பது குப்பனூர் பாதை. அதுவும் மலைப்பாதைதான்.

ரோடு கூடச் சமாளிக்கலாம், ஹைட்ராதான் மலையில் செலவை ஏற்றிவிடுகிறது. அது மெதுவாக ஊர்ந்து போகிற வண்டி, கிளம்பிய இடத்திலிருந்து திரும்பி வந்து நிற்கும் வரை மணிக்கணக்கு ஓடும். கீழிருந்து வரவழைத்தால் ஏறி இறங்கும் நேரத்துக்கும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். மேலே வந்த பிறகு எஸ்டேட் மண்பாதை. ஒரு தோட்டத்தில் இறக்கும் வேலையின்போது ஹைட்ரா டிரைவர் இறங்கி நடந்து, பூட்ஸ் குதிகாலால் மண்ணை இரண்டு இடத்தில் குத்திப் பார்த்தார். பிறகு தோட்டக்காரரிடம் சொன்னார்: "அண்ணா, பெட்டி வெயிட்டு எனக்கு ஒரு பொருட்டே இல்லீங்க. நான் நிக்கற எடம் மட்டமா இருக்கணும். சரிவுல பாரத்த வச்சுக்கிட்டுத் திரும்புனா வண்டி என்னையும் சேத்துக் கவுத்துரும்." தோட்டக்காரர், "அப்ப எங்க தம்பி எறக்கறது?" என்று கேட்க, அவர் கைகாட்டிய இடம் காபி காயப்போடும் சிமெண்ட் களம். எஸ்டேட்டில் மட்டமான இடம் அது ஒன்றுதான். அங்கே பெட்டியை வைத்தால் காபியை எங்கே காயப்போடுவது?

களம் வேண்டாம், மேட்டை வெட்டிச் சமன் செய்துகொள்ளலாம் என்று நினைப்பவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஏற்காடு, மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்புக்குள் வருகிற பகுதி. மலைச்சரிவை வெட்ட அனுமதி வேண்டும். அனுமதி ஒருபுறம் இருக்கட்டும். வெட்டிய செம்மண் சுவருக்குக் கீழே இரண்டரை டன் பெட்டியையும் அதற்குள் பல டன் சரக்கையும் வைத்துவிட்டு நவம்பர் மழையைக் கழிப்பது நல்ல யோசனை இல்லை. நீர் வழிய வழி விடாமல் வெட்டிய சரிவுதான் மழையில் முதலில் இறங்கும்.

இத்தனைக்கும் சேர்த்து மேலே கொண்டுபோக ஒரு நகர்வுக்கு 80,000 என்று வைத்துக்கொண்டால், என்றாவது ஒருநாள் கீழே கொண்டுவரவும் அதே அளவு. மொத்தம் 1,60,000. இதை வாடகைக் கண்டெய்னரோடு ஒப்பிடுவதில் பயனில்லை, வாடகைப் பெட்டியும் அதே வளைவுகளில் அதே ஹைட்ராவோடுதான் ஏற வேண்டும். ஒப்பிட வேண்டியது ஏற்காட்டிலேயே ஏற்கெனவே நிற்கும் ஒரு கட்டடத்தோடு. மாதம் 4,000-க்கு ஓர் அறையோ பழைய எஸ்டேட் ஸ்டோரின் ஒரு பகுதியோ கிடைத்தால், பெட்டியின் பராமரிப்பு 500 போக மாதம் மிச்சம் 3,500. 1,60,000 ஈடாக 45 மாதத்துக்கு மேல் ஆகும். நான்கு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதுவரை நீங்கள் அங்கே இருப்பீர்களா, பெட்டி ஏற்காட்டு ஈரத்தில் அப்படியே இருக்குமா?

ஈரம்தான் எனக்கு இன்னும் பெரிய கவலை. பகல் வெயிலில் பெட்டிக்குள் காற்று சூடாகி, சாக்கு மூட்டையிலும் மரத் தளத்திலும் இருக்கும் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். இரவில் மலைக்குளிர் கூரைத் தகட்டைச் சில்லென்று ஆக்கிவிடும். இட்லிப் பானை மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் நிற்பதுபோல் கூரையின் உள்பக்கம் நீர் கோர்த்துக்கொள்ளும். விடியற்காலையில் கதவைத் திறந்தால் கூரையின் அலைத் தகட்டில் வரிசை வரிசையாகத் துளிகள் தொங்கும். கதவை இழுத்த அதிர்ச்சியிலேயே மூட்டைகள் மேல் உதிரும். மழைத் துளி ஒன்றுகூட உள்ளே வராத நல்ல பெட்டியிலும் இது நடக்கும். சொல்லப்போனால் இடுக்கில்லாத நல்ல பெட்டியில்தான் அதிகம் நடக்கும், ஈரம் வெளியேற வழியில்லை.

பார்ச்மெண்ட் காபியை (பழத்தோல் நீக்கி, உள்தோலோடு இருக்கும் கொட்டை) 10 விழுக்காடு ஈரப்பதம் வரை காயவைத்துத்தான் மூட்டை கட்டுகிறோம். மிளகும் 11 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். அத்தனை நாள் களத்தில் கிளறிக் கிளறிக் காயவைத்தது, ஒரு மாதம் இந்தப் பெட்டியில் கிடந்தால் மேல் மூட்டைகளில் ஈரம் ஏறி நிறம் வெளுக்கும், பூஞ்சணம் பிடிக்கும். காபிக்கு வாசம் இழுக்கும் குணமும் உண்டு. டீசல் கேன், மருந்து டப்பா, உர மூட்டை இருந்த பெட்டியில் வைத்தால் கோப்பை வரைக்கும் அந்த நாற்றம் வரும். கண்டெய்னர் ப்ளைவுட்டுக்குப் பூச்சிமருந்து ஏற்றியிருப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். உணவுப் பொருளை அதன்மேல் நேராக வைக்கக் கூடாது.

சரிசெய்ய வழி உண்டு. மேலும் கீழுமாக எதிரெதிர்ச் சுவரில் காற்றுத் துவாரம் வெட்டி வலை அடிக்கலாம். கூரைக்கு மேலே ஓர் அடி விட்டுத் தகரக் கொட்டகை போட்டால் வெயிலும் பனியும் நேராகத் தகட்டில் படாது, என் பார்வையில் இதுதான் மிகவும் பயன் தருவது. உள்கூரைக்கு தெர்மாகோல் ஒட்டலாம், மூட்டைகளைக் கட்டைமேல் அடுக்கிச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கலாம், ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு பைகளைத் தொங்கவிடலாம். ஆனால் இவ்வளவும் செய்கிற காசில் பாதிக்கு, மலையிலேயே கிடைக்கும் கல்லையும் கூரை ஓடுகளையும் வைத்து நல்ல ஸ்டோர் ரூமைப் பழுது பார்த்துவிடலாம். பழைய எஸ்டேட் ஸ்டோர்கள் ஓட்டுக் கூரையும் மரத் தளமுமாக இருப்பது அழகுக்காக இல்லை. ஓட்டின் இடுக்கில் காற்று போகிறது, ஓடு ஈரத்தை இழுத்து விடுகிறது.

ஆகவே மலைக்கு என் யோசனை இது. பெட்டியைக் கீழேயே விட்டுவிடுங்கள், சரக்கு மட்டும் ஏறி இறங்கட்டும். அடிவாரத்திலோ கோரிமேட்டுப் பக்கமோ உங்களுக்கு வேண்டியவர் மனையில் பெட்டியை ஒரே தடவை கொண்டுபோய் வைத்து, மேலே அன்றாடம் தேவைப்படும் கருவிகளுக்கு ஒரு சின்ன அறையை வாடகைக்குப் பிடித்துக்கொள்ளுங்கள். 5 டன் சாமான் என்றால் ஒரு பொலிரோ பிக்கப்பில் நாலு நடை. ஒரு நடைக்கு 4,500 என்றாலும் 18,000-தான். பார்ச்மெண்ட் எப்படியும் உள்தோலை நீக்கும் க்யூரிங்குக்கு இறங்கி வர வேண்டிய சரக்கு. அதை மேலேயே பதுக்கி வைக்காமல் காய்ந்த உடனே அனுப்பிவிட்டால் திருட்டு பயமும் பாதி குறையும்.

மேலே பெட்டி வேண்டும்தான் என்பவர்களில் இரண்டு பேருக்கு மட்டும் நான் சரி சொல்வேன். மெயின் ரோட்டை ஒட்டியே தோட்டமும், களத்தைத் தவிர வேறொரு மட்டமான கெட்டித் தரையும், குறைந்தது ஐந்து வருடம் அங்கே இருக்கும் திட்டமும் உள்ளவர் ஒருவர். பம்பு, மோட்டார், களை வெட்டும் மெஷின், பைப்பு என்று ஈரம் அண்டாத, ஆனால் திருடு போகக்கூடிய சாமான் மட்டுமே வைக்கப் போகிறவர் மற்றவர். அவரும்கூடப் பிரித்து மாட்டும் கேபின் ஒன்றை விசாரித்துப் பார்க்கலாம். பேனல்களாகக் கழற்றிச் சின்ன வண்டியில் ஏற்றி, மேலே போல்ட் போட்டு நிறுத்திவிடலாம், ஹைட்ராவே வேண்டாம். கண்டெய்னர் அளவுக்குக் கெட்டி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வாடகைக்குப் போகிறவர்கள் கவனிக்க

மாத வாடகையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். திரும்ப எடுத்துப் போகும் கட்டணத்தை இன்றைக்கே எழுத்தில் வாங்குங்கள். கொண்டுவரும்போது சலுகையாகச் சொல்லிவிட்டு, எடுக்கும்போது டீசல் விலையைக் காட்டி ஏற்றுவது சகஜம். குறைந்தபட்சம் எத்தனை மாதம், அட்வான்ஸ் எவ்வளவு, பெட்டியில் புதிதாக வரும் சொட்டை யார் கணக்கு, மழையில் ஒழுகினால் மாற்றுப் பெட்டி எத்தனை நாளில் வரும், ஜிஎஸ்டி உள்ளடங்கியதா தனியா, இவ்வளவும் அதில் வர வேண்டும். வருகிற பெட்டியின் உள்ளே நின்று கதவை மூடி வெளிச்சம் பார்க்கும் சோதனையை இறக்குவதற்கு முன்பே, லாரியில் இருக்கும்போதே செய்துவிடுங்கள். இறக்கிய பிறகு வேண்டாம் என்றால் ஹைட்ரா வாடகை உங்கள் தலையில்.

குடோன் என்றால் கூரைத் தகட்டைவிடத் தரையை முதலில் பாருங்கள். ரோடு மட்டத்துக்குக் கீழே இருக்கும் குடோனில் ஒரு பெருமழைக்குத் தண்ணீர் நுழைந்த தடம் சுவரில் கோடாகத் தெரியும். வெள்ளையடித்திருந்தாலும் ஷட்டரின் அடித்தகட்டில் துரு காட்டிக்கொடுக்கும்.

எந்த வழியில் போனாலும் காப்பீட்டை மறக்க வேண்டாம். பெட்டி வாடகைக்குத் தருபவரின் பாலிசி, இருந்தால், அவருடைய பெட்டிக்குத்தான், உள்ளே இருக்கும் உங்கள் சரக்குக்கு இல்லை. உங்களிடமே தீ, திருட்டுப் பாலிசி இருந்தாலும் அது ஒரு முகவரிக்கு எழுதப்பட்டது. கொண்டலாம்பட்டி முகவரியில் எழுதிய பாலிசியை வைத்துக்கொண்டு அயோத்தியாப்பட்டணத்தில் எரிந்த சரக்குக்குப் பணம் கேட்க முடியாது. பெட்டியோ சரக்கோ நகரும் தேதியை ஏஜெண்டிடம் முன்கூட்டியே சொல்லி, புது முகவரியைச் சேர்த்த எண்டார்ஸ்மெண்ட் (பாலிசித் திருத்தச் சீட்டு) கைக்கு வந்த பிறகு லாரிக்குச் சொல்லுங்கள்.